அடிபட்ட காட்டுயிருக்கு முதலில் வேண்டியது இருட்டும் அமைதியும்
வாசகர் கேள்வி – பதில்

பழைய வடஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து, அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் பற்றிக் கேட்டு வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் கால்நடை மருத்துவன் அல்லன். வேலூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவரும் தன்னார்வலன். மருந்தின் பெயரோ அளவோ எழுதமாட்டேன். மருத்துவரிடம் போய்ச் சேரும் வரையில் நம் கையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி: சென்ற கத்திரி வெயிலில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு பருந்து வந்து விழுந்தது. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என் மகன் அதைப் பிடித்துக்கொள்ள, நான் கரண்டியால் தண்ணீர் புகட்டினேன். இரண்டு முறை தலையை உதறியது. ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டது. நாங்கள் செய்தது தவறா ஐயா?
— ஓர் இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: அம்மா, உங்கள் பருந்து எதனால் இறந்தது என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வேலூரில் மே மாதத்து வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்களில் வானத்திலிருந்து விழும் பருந்துகளுள் சில, எவர் கையும் படாமலே இறந்துபோகின்றன. ஆகவே நீங்கள்தான் கொன்றீர்கள் என்று மனத்தைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் கரண்டியால் தண்ணீர் புகட்டுவதை மட்டும் இனி ஒருபோதும் செய்யாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்தில், நாக்கின் பின்பகுதியை ஒட்டித் திறக்கிறது; விழுங்கும்போது அதை மூடிக்கொள்ள நம் தொண்டையில் இருப்பது போன்ற மடல் பறவைக்குக் கிடையாது. தானாகக் குடிக்கும்போது அந்தத் துளையைச் சுருக்கிக்கொள்ளப் பறவைக்குத் தெரியும். மயங்கிக் கிடக்கும்போது நாம் ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். தலையை உதறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் நீரை வெளியே தள்ளப் பார்த்த உதறலாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பறவை விழுந்தால், முதலில் ஒரு பழைய பருத்தித் துண்டை அதன் தலையும் சேர்ந்து மறையும்படி மேலே போடுங்கள். கண் மறைந்தவுடனே அதன் திமிறல் பாதியாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். பிறகு இறக்கைகளை உடலோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் துண்டோடு தூக்க வேண்டும். பருந்தைப் பொறுத்தவரை அலகைவிடக் கால் நகங்களே அபாயமானவை. அது பற்றினால் எளிதில் விடாது. மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி போதும். அடியில் துணியை விரித்து, பக்கவாட்டில் கீழ்ப்பகுதியில் சில துளைகளை இட்டு, பறவையை உள்ளே வைத்து மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்துவிடுங்கள். கம்பிக்கூண்டு கூடாது, ஏனென்றால் இறகுகள் கம்பியில் அடிபட்டு முறியும். வெயிலால் விழுந்தது என்று தோன்றினால், அகலமான ஆழமில்லாத தட்டில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி உள்ளே வையுங்கள்; கால்களில் சிறிது நீர் தெளிக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம். நிமிர்ந்து உட்காரும் தெம்பு வந்தால் தானே குடிக்கும். உணவு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். நமக்கு அது அக்கறை. பெட்டிக்குள் இருப்பதற்கோ, ஒவ்வொரு முறையும் தன்னைத் தின்ன வந்த ஒன்றின் முகம்.

இவ்வளவையும் செய்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது பெட்டியோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் பாட்டு வேண்டாம்.

மாஞ்சா நூலில் சிக்கிய பருந்துகளைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தொரப்பாடியில் ஒரு வேப்பமரத்திலிருந்து இறக்கப்பட்ட கரும்பருந்து ஒன்றை நான் போய் வாங்கினேன். நூல் தோள்மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலிருக்கும் மெல்லிய தோல்மடிப்பில் இறங்கி, வெளியே ஓர் இறகுகூடக் கலையாதது போலத் தோன்றியது. விரலால் இறகை ஒதுக்கிப் பார்த்தபோதுதான், கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் தசையை அறுத்துக்கொண்டு எலும்பு வரையில் போயிருந்தது தெரிந்தது. இறக்கிய இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு நூலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இழுப்பும் ஒரு வெட்டு. அத்தகைய நூலை இழுக்கவே கூடாது. காயத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, உள்ளே இருப்பதை மருத்துவர் எடுப்பதற்கு அப்படியே விட்டுவிட வேண்டும். இத்தகைய நூலைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. உங்கள் தெருக் கடையில் அது விற்கப்படுவதைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்துக் கிணற்றருகே நாய்கள் துரத்தி வந்த புள்ளிமான் ஒன்றைக் காப்பாற்றினோம். ஊரே கூடி, கால்களைக் கட்டி, டிராக்டரில் ஏற்றினோம். உடம்பில் சொல்லும்படியான காயமே இல்லை. ஆனால் வனத்துறையினர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஏன்?
— ஒரு விவசாயி, குடியாத்தம் வட்டம்

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றும்போது குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களில் இதே காட்சி மீண்டும் மீண்டும் நடக்கிறது; ஒவ்வொரு முறையும் ஊர் மக்கள் நல்லதைத்தான் நினைக்கிறார்கள்.

மான் ஓடுவதற்கென்றே அமைந்த உடல். நாய்கள் துரத்தும்போது அது தன் முழு வலுவையும் செலவிட்டு ஓடுகிறது. தசைகளில் அமிலம் சேருகிறது, உடல் வெப்பம் ஏறுகிறது. ஓட்டம் நின்றபின் அமைதி கிடைத்தால் அந்த உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கிடைப்பதோ கூட்டம், சத்தம், கயிறு. அச்சம் அடங்காமலே தொடர, தசை நார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கின்றன, இதயத் துடிப்பைக் குலைக்கின்றன. பிடிபடும் அதிர்ச்சியால் வரும் இந்தத் தசைச் சிதைவு மானைச் சில நிமிடங்களிலும் கொல்லும், காட்டில் விட்டபின் இரண்டு மூன்று நாள் கழித்தும் கொல்லும். காயமே இல்லாமல் செத்தது என்று நாம் சொல்லும் மான்களில் பலவற்றின் காயம் இப்படி உள்ளேதான் இருந்திருக்கும்.

ஆகவே நாய்களை விரட்டிய பிறகு விரட்ட வேண்டியது மனிதர்களை. ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் மூன்று பேர் மட்டும் நில்லுங்கள். மான் எழுந்து நிற்கக்கூடியதாக இருந்தால், காட்டுப் பக்கம் வழியை விட்டு விலகிக்கொண்டு, தொலைவிலிருந்து பாருங்கள். அது தானாகப் போவதைவிட நல்ல மீட்பு வேறில்லை. எழ முடியாமல் கிடந்தால் கண்களை ஒரு துணியால் மறைத்து, நிழல் இல்லையென்றால் நிழல் உண்டாக்கி, பேசாமல் காத்திருங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மார்பு தரையில் பட, தலை உயர்ந்து இருக்குமாறு இருந்தால்தான் இரைப்பையில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் ஏறாது. கொம்பைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். வெயில் நேரமாக இருந்தால் உடம்பின் மீது நீர் ஊற்றலாம், வாயில் ஊற்றக் கூடாது.

கிணற்றுக்குள் விழுந்திருந்தால் வனத்துறைக்கும் 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறைக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கிணற்றைச் சுற்றிக் கூட்டம் எட்டிப் பார்ப்பதைத் தடுப்பதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி. மேலே தலைகள் தெரியத் தெரிய அது சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உங்கள் நிலத்தில் இருந்தால், சுவர் எழுப்பும் வரையில் முள்வேலியாவது அடைத்து வையுங்கள்.

கேள்வி: பள்ளி வளாகத்தில் தென்னை மரத்தை வெட்டியபோது கூட்டிலிருந்து மூன்று அணில்பிள்ளைகள் விழுந்தன. கண் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுத்தேன். இரண்டு இறந்துவிட்டன. மீதி ஒன்றை எப்படி வளர்ப்பது?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஆரணி

பதில்: தம்பி தங்கைகள் எழுதும் கடிதங்களில் பாதி இந்த அணில்பிள்ளையைப் பற்றித்தான் அம்மா. நீ வருந்துவது எனக்குப் புரிகிறது. உனக்கு எவரும் சொல்லித்தரவில்லை என்பதும் தெரிகிறது.

பசும்பால் அணில் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, நகம் அளவே நீர் இருக்கும் அந்த உடலில் அதுவும் வற்றிவிடும். அதற்கும் முன்னால், குளிர்ந்துபோன குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, அதன் பிறகே உணவு. வெதுவெதுப்பான தண்ணீரைப் புட்டியில் நிரப்பித் துணி சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும்.

ஆனால் உன் கேள்விக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. தாய் எங்கே? மரம் விழுந்த இடத்தின் அருகிலேயே தாய் அணில் பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கும். குட்டிகளைச் சூடாக்கி, மேல் திறந்த சிறு பெட்டியில் பழைய கூட்டின் நாரோடு வைத்து, பூனையும் எறும்பும் எட்டாதபடி பக்கத்து மரத்தில் கட்டி, ஆள்கள் அகன்றுவிட்டால், அது வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று பெரியவர்கள் சொல்வது அணிலுக்கும் பொருந்தாது, பறவைகளுக்கும் பொருந்தாது. பகல் பொழுதில் சில மணி நேரம் தொலைவிலிருந்து பார்த்து, தாய் வரவே இல்லை என்றால் மட்டுமே குட்டி அநாதை. இறகு முளைத்துத் தரையில் தத்தும் மைனாக் குஞ்சுக்கும் காக்கைக் குஞ்சுக்கும் இதுவே விதி. அவை விழுந்தவை அல்ல, பறக்கப் பழகுபவை; தாயும் தந்தையும் தரையிலேயே இரை ஊட்டும். பூனை, நாயிடமிருந்து விலக்கி அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

மீதியிருக்கும் அந்த ஒரு குட்டியை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, எந்தப் பால், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொள். அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வை. கண் திறக்காத குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிடுவதால்தான் அது நடக்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்ல ஒற்றிவிட வேண்டும். இதைத் தெரியாமல், பாலைச் சரியாகக் கொடுத்தும் குட்டிகளை இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டில் இறக்கை வெட்டிய பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது கூண்டைத் திறந்துவிடலாமா?
— ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம். பறக்க முடியாத கிளியைத் திறந்துவிடுவது பூனைக்குக் கொடுப்பதற்குச் சமம். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் அறியாமலே செய்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள். தாமாக வனத்துறையிடம் ஒப்படைக்க இசைந்தால் நல்லது, இல்லையென்றால் நீங்கள் தகவல் சொல்லலாம். வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்வில் மீண்டும் முளைக்கும். ஆனால் குஞ்சிலிருந்தே மனிதரோடு வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் வல்லூறைக் கண்டு ஒளியவும் தெரியாது. அது மற்றக் கிளிகளோடு பெரிய அடைப்பில் இருந்து பழகிய பிறகுதான் வெளியே போக முடியும்.

கேள்வி: கோழிகளுக்காகக் கட்டிய நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டது. நானே கத்தரிக்கோலால் வலையை வெட்டி விட்டுவிட்டேன். சரிதானே?
— ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: அடித்துக் கொல்லாமல் விடுவிக்க நினைத்த உங்கள் மனத்தை வணங்குகிறேன். ஆயினும் இரண்டு காரணங்களுக்காக, மறுமுறை அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, உங்கள் உயிர். படமெடுக்காத நல்லபாம்பைச் சாரை என்று நினைத்துக் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். நம் பகுதியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே உண்டு. இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே நஞ்சுமுறி மருந்து இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் தம் கைகளால் எடுத்துத் தருகிறார்கள். அந்த அறிவு தலைமுறைகளின் அறிவு. நமக்கு அது இல்லை. கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பாம்பின் உயிர். வலை இறுகிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்றிருக்கும். வெட்டிவிட்டவுடன் பாம்பு விரைந்து ஓடிவிடும், நாமும் மகிழ்வோம். ஆனால் நசுங்கிய தசை அழுகத் தொடங்குவது சில நாள்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் பாம்பு எங்கோ போய் மெல்லச் சாகும். தோலில் வளையம் போலப் பதிந்த தடம் இருந்தால், அந்தப் பாம்பை மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஆகவே வலையைப் பாம்போடு சேர்த்துச் சுற்றளவில் வெட்டி எடுத்துப் போவதற்கு, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவரையோ வனத்துறையையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை பாம்பின் மேல் வெயில் படாமல் ஈரச்சாக்கை நிழலாகக் கட்டி வைத்தாலே போதும். பால் வைக்க வேண்டாம். வலையின் அடிப்பகுதியை ஓர் அடி உயரத்துக்குத் தகரத்தாலோ பலகையாலோ மாற்றிவிட்டால் இந்தத் துன்பம் உங்கள் தோட்டத்தில் மீண்டும் வராது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். காட்டுயிர் மீட்பில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்? அடிபட்டவற்றை விடுதியிலேயே வைத்துப் பராமரிக்கலாமா?
— ஒரு மாணவர், காட்பாடி

பதில்: பின்கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதன் 39-ஆம் பிரிவில், சட்டத்தின் காப்புக்கு உட்பட்ட காட்டுயிர்களை அரசின் உடைமை என்கிறது. அப்படி ஒன்று எவ்வகையிலாவது ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. எந்த உயிர் எந்த அட்டவணையில் இருக்கிறது என்பதைப் புதிய பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்பினால் வைத்துக்கொண்டேன் என்பதைச் சட்டம் ஏற்காது. நானும் ஏற்கமாட்டேன், அதற்குக் காரணம் சட்டம் மட்டும் அன்று.

இந்தப் பணிக்கு நான் வந்த முதல் ஆண்டில், இடிக்கப்பட்ட ஒரு பழைய கட்டடத்திலிருந்து கூகை என்னும் ஆந்தையின் குஞ்சு ஒன்று என்னிடம் வந்தது. வெள்ளைப் பஞ்சுருண்டை போல இருக்கும். என்னைக் கண்டால் சீறிக்கொண்டே வாயைத் திறக்கும். யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே வைத்து, கறிக்கடையில் எலும்பில்லாத கோழி இறைச்சியை வாங்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊட்டினேன். ஆறு வாரத்தில் இறகு முளைத்தது. கால்கள் மட்டும் உடலைத் தாங்கவில்லை. காட்டில் அதன் தாய் எலியை எலும்போடும் மயிரோடும் கொடுத்திருக்கும். நான் கொடுத்த வெறும் தசையில் சுண்ணாம்புச் சத்து இல்லை; வளரும் எலும்புகள் வளைந்துவிட்டன. மருத்துவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அதைவிடக் கொடியது, மனித முகத்தைக் கண்டால் வாயைத் திறக்கும் பழக்கம் அதை விட்டுப் போகவில்லை. அந்தக் கூகை ஒருநாள்கூட வேட்டையாடவில்லை. என் அறியாமைக்கு அது தன் வானத்தைக் கொடுத்தது. அதன் பிறகு எந்தக் குஞ்சையும் நான் ஒரு இரவுக்கு மேல் வீட்டில் வைத்ததில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குங்கள். 1989-இல் வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. இதனால் நம் மக்களுக்கு எந்த அலுவலகத்தை அழைப்பது என்பதே குழப்பமாக இருக்கிறது. சரக அலுவலகத்துக்கு நேரில் போய், பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, வனவரையும் வனக்காப்பாளரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு உங்கள் குரலை அடையாளம் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருப்பது எந்தக் கருவியையும்விட மேலானது. சில மாவட்டங்களில் அரசால் அமர்த்தப்பட்ட கௌரவ வன உயிரினக் காப்பாளர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் கற்கலாம். கால்நடை மருத்துவர்களிலும் ஆடு மாடுகளோடு பறவைகளையும் பார்க்கப் பழகியவர் யார் என்று விசாரித்து வையுங்கள்.

அடுத்து, வெறிநாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாமல் குரங்கு, நரி, கீரிப்பிள்ளை, மரநாய் எதையும் தொடாதீர்கள். போட்டிருந்தாலும், கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழந்தின்னி வௌவாலை ஒருபோதும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது.

பணி என்னவாக இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் பெட்டியைச் சுமந்துகொண்டு பேருந்தில் போவது, துண்டுகளைத் துவைப்பது, எச்சத்தைத் துடைப்பது, தொலைபேசியில் பதறுகிறவர்களை அமைதிப்படுத்துவது ஆகியவைதான். நான் பெறும் அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை, “அதை எடுக்காதீர்கள், தாய் வரும்” என்று சொல்வதோடு முடிகின்றன. இதில் ஏமாற்றம் அடைகிறவர்களால் இந்தப் பணியில் நீடிக்க முடியாது. மீட்டதைத் தோளில் வைத்துப் படம் எடுத்துப் பரப்பும் வழக்கத்தைப் பார்க்கிறேன். அதைப் பார்க்கும் பத்துக் குழந்தைகளுக்கு ஆந்தை வேண்டும், தேவாங்கு வேண்டும் என்ற ஆசைதான் பிறக்கிறது.

ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் கிடைத்தது, எப்படிக் கிடந்தது, யார் என்ன கொடுத்தார்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். இவற்றில் இடம்தான் மிகத் தேவையானது. கணியம்பாடியில் எடுத்த உடும்பை ஏலகிரியில் விட்டால் அதற்கு வளை தெரியாது, நீர் தெரியாது, அங்கே ஏற்கெனவே இருக்கும் உடும்புகளின் எல்லையும் தெரியாது. எடுத்த இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், அதற்கு உகந்த பொழுதில், வனத்துறையின் முன்னிலையில் விட வேண்டும். ஆந்தையைப் பகலில் விட்டால் காக்கைகளே கொன்றுவிடும்.

பலர் நினைப்பது போல, ஜவ்வாது மலையடிவாரத்தில் 1967 முதல் இயங்கும் அமிர்தி உயிரியல் பூங்கா, நமக்கு வேண்டாததைக் கொண்டுபோய் விடும் இடம் அன்று. அங்கே எதைச் சேர்ப்பது என்பதை வனத்துறை முடிவு செய்யும். நீங்கள் ஒரு பெட்டியோடு வாசலில் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வண்டியில் அடிபட்ட புள்ளி ஆந்தை ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இறக்கை மூட்டிலேயே நொறுங்கிவிட்டது, இனிப் பறக்காது, வலியில்லாமல் முடித்துவிடுவதே நல்லது என்றார்கள். நான் அழுதுகொண்டே வந்துவிட்டேன். உயிரோடு இருக்க வைத்திருக்கலாமே?
— ஆற்காடு

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கூண்டுக்குள் நன்றாக வாழும் ஊனமுற்ற பறவைகளும் இருக்கின்றன. ஆனால் அதற்கு உரிய இடமும், அனுமதியும், பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ளும் ஆளும் வேண்டும். அந்தப் பறவையின் இயல்பும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். மனிதர் நெருங்கும்போதெல்லாம் கூண்டில் மோதிக்கொள்ளும் முதிர்ந்த ஆந்தைக்கு ஒவ்வொரு நாளும் நாய் துரத்திய மானின் நாளாகவே இருக்கும். மூட்டில் நொறுங்கிய எலும்பு சேர்ந்தாலும் மூட்டு மடங்காது. அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு மருத்துவருக்கும் வனத்துறைக்கும் உரியது. நம் போன்றவர்கள் எடுக்கக் கூடாதது. அவர்கள் எடுத்தது இரக்கத்தால் என்றே நம்புகிறேன்.

நீங்கள் நிறுத்தாமல் போயிருந்தால் அது அந்தச் சாலை ஓரத்திலேயே, எறும்புகளோடு, மறுநாள் வரை உயிரோடு கிடந்திருக்கும். நீங்கள் நிறுத்தினீர்கள். அதன் கடைசி இரண்டு மணி நேரம் உங்கள் துண்டின் இருட்டில் கழிந்தது.

கேள்வி: கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க விரும்புகிறோம். எப்படி வைப்பது?
— ஒரு குடும்பத்தினர், ஒடுகத்தூர்

பதில்: அகலமான மண்சட்டி நல்லது, உலோகப் பாத்திரம் நம் ஊர் வெயிலில் கொதித்துவிடும். மூன்று விரல் ஆழத்துக்கு மேல் நீர் வேண்டாம். பூனை பதுங்க இடமில்லாத, ஆனால் மேலே நிழல் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். நாள்தோறும் காலையில் பழைய நீரைக் கொட்டி, சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்றுங்கள். அழுக்கு நீரால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் பரவும், கொசுவும் முட்டையிடும். வீட்டில் ஆழமான சிமெண்டுத் தொட்டி இருந்தால், அதற்குள் ஒரு மரக்கிளையையோ சொரசொரப்பான பலகையையோ விளிம்பு வரை சாய்த்து வையுங்கள். தண்ணீர் தேடி வரும் அணிலும் ஓணானும் உள்ளே விழுந்துவிட்டால் ஏறி வர அதுதான் வழி.